மாமியாரின் முட்டி ஜோசியம்

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, என் மாமியார் எங்கள் ஆய்வகத்துக்குள் நுழைவதற்கு முன்பே வஞ்சிர மீன் வாசனை நுழைந்துவிட்டது. ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் வேலை எனக்கு. மூட்டுக் குருத்தெலும்பு தேயும்போது ஒரு புரதம் உதிர்ந்து ரத்தத்தில் கலக்குமாம். அதை அளந்து, யாருக்குத் தேய்மானம் சீக்கிரம் முற்றும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று அங்கே ஆராய்ச்சி நடந்தது. முட்டிவலிக்காரரான மாமியாரை நான்தான் சேர்த்துவிட்டேன். "அப்ப ஜோசியம்னு சொல்லு" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

ஜோசியம் வில்லங்கமாக வந்தது. புரதம் எக்கச்சக்கம். என் கணவர் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்: "மீனும் வேணா ஒண்ணும் வேணா. வூட்ல உக்காரும்மா." மாமியாருக்கோ மார்க்கெட்டில் அவருடைய இடம்தான் உயிர். பேரம் பேசுகிறவர்களைத் திட்டியபடியே மீனை ஆய்ந்து, கூடவே இரண்டு துண்டு அதிகமாகப் போட்டுக் கொடுப்பவர். வீட்டில் உட்கார்ந்த நாட்களில் டிவியைத் திட்டினார், ஃபேனைத் திட்டினார். ஒரு சாயங்காலம் மீன் வெட்டும் கத்தியைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் அந்த ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். "இந்த ஒரு டெஸ்ட்டை வெச்சு யாரையும் முடக்க முடியாதும்மா. ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி நடந்தாங்களா, பாரம் தூக்கினாங்களா?" என்று கேட்டார். அப்படிச் செய்தால் புரதம் கொஞ்ச நேரம் ஏறி நிற்கும். அதனால்தான் எழுந்ததும் வேறு வேலை பார்க்காமல் வரச் சொல்வது. வீட்டுக்கு வந்து மாமியாரைக் கேட்டேன்.

"நாஷ்டா துன்னல, டீ குடிக்கல, ஒரு வேலையும் செய்யலியே."

"மீன் ஏலத்துக்குப் போகலையா அத்தே?"

"காசிமேடு போயி மீன் எடுத்தாந்தேன். அது இன்னா வேலையா? விக்கிறதுதானே வேலை."

விடியுமுன் எழுந்து, ஏலத்தில் முண்டியடித்து, ஐஸும் மீனுமாகக் கூடையைத் தலையில் சுமந்து வந்தது அவர் கணக்கில் வேலையே இல்லை. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

மறுபடி ரத்தம் எடுத்தோம். இந்த முறை படுக்கையிலிருந்து நேரே ஆட்டோ. ஆய்வகத்தில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார வைத்தேன். அந்த முட்டி அவருக்குக் கொடுத்த கஷ்டத்தைவிட அந்த நாற்காலி கொடுத்த கஷ்டம் அதிகம். முடிவு வந்தபோது புரதம் நன்றாக இறங்கியிருந்தது. எக்ஸ்ரேவையும் சேர்த்துப் பார்த்த டாக்டரம்மா, "தேய்மானம் இருக்கு, ஆனா அவசரப்படல. தாராளமா விக்கட்டும். பாரம் மட்டும் தூக்க வேணாம்" என்றார். மாமியார் திரும்பித் தன் மகனைப் பார்த்தார், அவ்வளவுதான்.

இன்றைக்கும் காசிமேட்டிலிருந்து கை வீசிக்கொண்டு முன்னால் நடக்கிறார். வீட்டில் உட்காரச் சொன்ன மகன், கூடையைச் சுமந்துகொண்டு பின்னால் போகிறார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் திகட்டவே இல்லை. நடுவில் நின்று மாமியார் திரும்பிச் சொல்வார்:

"மெதுவா வா நைனா. முட்டி பத்திரம்."