கராம்பு மென்ற வாய்

நேற்றுக் காலை வானொலியில் பெட்ரோல் விலை மறுபடியும் கூடிய செய்தி போன நேரம், அடுப்படியில் என் மனைவி கராம்பு இடித்துக்கொண்டிருந்தாள். செய்தியும் வாசமும் ஒன்றாக வந்தன. நான் சிரித்துவிட்டேன்.

"வெல கூடினதுக்குச் சிரிக்கிற மொத ஆளு நீங்கதான்," என்றாள்.

அவளுக்கு இந்தக் கதையைப் பல தடவை சொல்லியாயிற்று. ஒவ்வொரு தடவையும், "இன்னுமா அந்த மனுசன விடல நீங்க?" என்று கேட்பாள். ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். எனக்கு நேர்கோட்டில் பேச வராது, கண்டி வீதிகளில் வண்டி ஓட்டிப் பழகிய வாய்.

அது பெட்ரோல் வரிசைக் காலம். கண்டி நகரில் ஒரு பிஸ்கட் ஏஜென்சியில் நானும் குணாண்ணனும் ஓடர் எடுக்கும் வேலையில் இருந்தோம். கடை கடையாகப் போய், என்ன வேண்டும் என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டு வர வேண்டும். குணாண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பேச்சில் நூறு வயது மூத்தவர். பிலிமத்தலாவைப் பக்கம் அவருக்கு, தெல்தெனியப் பக்கம் எனக்கு. ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள்.

பெட்ரோல் போடும் ஷெட்டில் இருப்பு வந்தால் அன்று நகரத்துக்குப் பெருநாள். வராத நாட்களில் ஆளுக்கொரு வித்தை. இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்துவிடுவோம். தென்னகும்புரைப் பாலம்வரை வண்டிகள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும், ஹோர்ன் மட்டும் கேட்கும். ஓர் ஆட்டோக்காரர், "இப்ப எஞ்சின் எனக்கு அலங்காரத்துக்கு," என்பார். ஒருவர் புதுச் சைக்கிள் வாங்கி, முதல் ஏற்றத்திலேயே அதை விற்க ஆள் தேடினார். நானும் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டலாமா என்று யோசித்து, வண்டி திருத்தும் பாஸ் நானாவிடம் போய்க் கேட்டேன்.

"கலக்கலாம் மகன்," என்றார் பாஸ் நானா. "மட்டத்துல ஒழுங்கா போகும். ஏத்தத்துல சூடேறினா பொக தள்ளிட்டு நிண்டுடும். கண்டியில மட்டமான ரோட்டு எங்க ஈக்குது?"

அந்த யோசனையை அங்கேயே விட்டேன். விட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ரெண்டு பைக்குக்கு பெட்ரோல் தேட எனக்கு வழியில்ல. மாசக் கடைசிக்குப் பொறகு ஒரு ஆளுதான். யாரு ஓடர் கொறையாமக் கொண்டாறானோ அவன் இருக்கட்டும்."

எனக்கு அப்போதுதான் கல்யாணம் பேசியிருந்தார்கள். பெண் வீட்டார் கேட்ட ஒரே கேள்வி, "மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலதானே?" அம்மா வாய் நிறைய ஆமென்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அந்த வாரத்திலிருந்துதான் என் பைக் மர்மமாகக் குடிக்கத் தொடங்கியது. வரிசையில் ஒரு பகல் முழுக்க நின்று நிரப்புவேன். ஏஜென்சியின் பின்கட்டில் நிறுத்திவிட்டு மறுநாள் எடுத்தால் குண்டசாலையோடு நின்றுவிடும். இரண்டு தடவை தெல்தெனியவுக்குப் போய்ச் சேரவே முடியவில்லை. அங்கே பெரிய கடை வைத்திருந்த ஹாஜியார் முதலாளிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"நெசத்தச் சொல்லு. பெட்ரோல வித்துப்புட்டியா?"

நான் வாய் திறக்குமுன் குணாண்ணன் முந்திக்கொண்டார். "விடுங்க மொதலாளி, கல்யாணச் செலவு வருது. சின்னப் பய, தெரியாமச் செஞ்சிருப்பான்."

பரிந்து பேசுகிற மாதிரி என் கழுத்தில் கத்தி வைத்தார் பாருங்கள். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இன்றைக்கும் நான் அவரை மன்னிக்கவில்லை.

பாஸ் நானா வண்டியைக் குனிந்து குனிந்து பார்த்தார். "லீக் ஒண்டும் இல்ல மகன். ஒன்ட பைக் குடிக்கல்ல. வேற ஒரு வாய் குடிக்குது."

வேறொரு வாய். அன்று மாலை குணாண்ணன் என் தோளில் கை போட்டு, "தம்பி, மனச விட்டுறாத," என்றபோது அந்த வாய் என் மூக்குக்குப் பக்கத்தில் இருந்தது. கராம்பு வாசம். இரண்டு வாரமாகப் பல் வலி என்று சொல்லிக் கராம்பு மென்றுகொண்டிருந்தார். அதற்கு அடியில், மீசைக்குள்ளே, பெட்ரோல். குழாயை டேங்கில் விட்டு வாயால் உறிஞ்சி எடுப்பவனுக்குத்தான் அங்கே பெட்ரோல் மணக்கும்.

அங்கேயே சட்டையைப் பிடித்திருக்கலாம். ஆனால் யார் நம்புவார்கள்? மீசையை முகர்ந்து பாருங்கள் என்று முதலாளியிடம் சொல்ல முடியுமா? நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். "சரிண்ணே," என்றேன். அப்படியொரு நல்ல சிரிப்பு எனக்குள் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மாசக் கடைசி வந்தது. ஹாஜியாரைச் சமாதானப்படுத்த மறுநாள் முதலாளியே தெல்தெனிய போவதாக ஏற்பாடு. குணாண்ணனின் பைக்கில், பின்னால் உட்கார்ந்து. ஷெட்டுகள் மூன்று நாளாகப் பூட்டிக் கிடந்தன. குணாண்ணன் மட்டும், "நான் பாத்துக்கிறேன் மொதலாளி," என்றார். எங்கே பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும்.

அம்மா அடுப்புக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் பெரும்பகுதியை அன்று மத்தியானம் என் டேங்கில் ஊற்றினேன். மூன்று நாள் அம்மா விறகோடு போராடினார். அதற்கு மட்டும் நான் வெட்கப்படுகிறேன். பிறகு குணாண்ணன் காதில் விழும்படி, "டேங்க்ல பாதிக்கு மேல இருக்கு, நாளைக்கு எடுத்துக்கிறேன்," என்று ஸ்டோர்காரரிடம் சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனேன்.

மண்ணெண்ணெய் வாயில் பட்டால் தெரியாதா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் பயந்தேன். ஆனால் நாள் முழுக்கக் கராம்பு மென்ற நாக்கு மரத்துத்தானே போயிருக்கும்? மூக்கிலும் கராம்பு வாசம்தானே? களவை மறைக்க மென்றது, களவெடுத்தது எது என்பதையே மறைத்துவிட்டது.

மறுநாள் விடிய, பாஸ் நானாவின் கடையில் யாரோ திருத்தக் கொடுத்துவிட்டு எடுக்காமல் போன சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு தெல்தெனியப் பக்கம் புறப்பட்டேன். பெண்பிள்ளைகள் ஓட்டும் சைக்கிள், முன்னால் பிளாஸ்டிக் கூடை. வழியில் பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரியுங்கள், சிரியுங்கள் என்று மிதித்தேன்.

முதலாளியும் குணாண்ணனும் குண்டசாலையில் என்னைக் கடந்தார்கள். குணாண்ணன் திரும்பிக் கத்தினார்: "தம்பி, தீவாளிக்குள்ள போய்ச் சேந்துருவியா?"

திகனைப் பக்கம் ஓர் ஏற்றத்தில், நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க நடந்தபோது, புகையைக் கண்டேன். வெள்ளைப் புகை, அடுப்படி நாற்றம். முதலாளி மதகில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். குணாண்ணன் கிக்கரை உதைத்த உதையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஆறுதலாகப் பக்கத்தில் போய் நின்று கேட்டேன். "என்ன குணாண்ணே, பெட்ரோல் முடிஞ்சிச்சா?"

"முடியிறதாவது! நேத்துப் பின்னேரந்தானே டேங்க் நெறைய..."

அங்கே நிறுத்தினார். முதலாளி முழங்காலைத் தடவுவதையும் நிறுத்தினார்.

"குணா, நேத்து எந்த ஷெட்டுல பெட்ரோல் குடுத்தான்?"

ஏற்றத்தில் ஒரு பஸ் முக்கிக்கொண்டு போனது. முதலாளி பிஸ்கட் வியாபாரத்தில் தலை நரைத்தவர். அவர் குணாண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பைக்கிடம் குனிந்து மோந்து பார்த்தார். பிறகு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"டேய், இந்தக் கேரியர் என்னத் தாங்குமா?"

"தாங்கும் மொதலாளி."

"பிரேக் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு மொதலாளி."

உச்சிவரை அவர் நடந்தார், நான் தள்ளினேன். பிறகு தெல்தெனியவரை பெரும்பாலும் இறக்கம். முதலாளி என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முருகா, முருகா என்று வந்தார். நான் தேவையில்லாத இடத்திலெல்லாம் மணியடித்தேன். ஹாஜியார் கடை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "யா அல்லாஹ், முதலாளிய கூடையில போட்டுக் கொண்டாந்தீக்கிறான்!" என்றார். அன்றைக்கு எழுதிய ஓடர்தான் அந்த மாசத்திலேயே பெரியது. வேலை எனக்கு. கல்யாணமும் நடந்தது.

குணாண்ணனை முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. "நாளைக்கு வர வேணாம்," என்றார், அவ்வளவுதான். குணாண்ணன் போகும்போது என் பக்கமாக வந்து நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். என்ன கேட்க வந்தார் என்று எனக்குத் தெரியும். டேங்கில் எதைக் கலந்தாய் என்று கேட்க வேண்டும். கேட்டால், என் டேங்குக்குள் அவருக்கு என்ன வேலை என்று நான் கேட்பேன்.

நேற்றைய செய்திக்குப் பிறகு மனைவி பேட்டரி ஸ்கூட்டர் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். பிலிமத்தலாவையில் ஒரு கடை. உள்ளே நுழைந்தால், விற்பனைக்கு நிற்பவர் குணாண்ணன். மீசை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் உட்காரக் கதிரை இழுத்துப் போட்டார்.

"வாங்க தம்பி," என்றார். ங்க! அந்த மரியாதையை நான் மெதுவாகச் சுவைத்தேன். அவர் வண்டியைக் காட்டினார். "டேங்கே இல்ல பாருங்க. எஞ்சினும் இல்ல, பொகையும் இல்ல. ஊத்துறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"எடுக்குறதுக்கும் ஒண்ணுமில்லண்ணே," என்றேன்.

அவர் கை சீட்டின் மேல் அப்படியே நின்றது. "தம்பி, ஒண்ணு கேக்கவா? அன்னைக்கு அந்த..."

"கேளுங்கண்ணே. எது வேணும்னாலும் கேளுங்க."

சீட்டில் இல்லாத தூசியைத் துடைத்தார். "ஒண்ணுமில்ல," என்றார். "ஹெல்மெட் இனாம்."

யோசித்துவிட்டு அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லி வந்தேன். போவேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் போவேன். வாங்குவேனா என்பது வேறு கதை.

ஏஜென்சி இருந்த இடத்தில் இப்போது போன் கடை. முதலாளி காலமாகிவிட்டார். பாஸ் நானா கடையை மூடிவிட்டு மகளோடு போய்விட்டார், கூடை வைத்த சைக்கிள் எந்தப் பழைய இரும்பில் போனதோ. இறக்கத்தில் சத்தமில்லாமல் வழுக்கிய வண்டிகள், ஷெட் வாசலில் பகல் முழுக்கப் பேசிய வாய்கள் எல்லாம் போயின. கடையிலிருந்து கிளம்புமுன், அந்த ஸ்கூட்டரில், டேங்க் இருந்திருக்க வேண்டிய இடத்தில், குணாண்ணன் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம் பழக்கதோஷத்தில் குனிந்து முகர்ந்து பார்த்தேன்.

வாசம் எதுவும் இல்லை. புதுப் பிளாஸ்டிக் மட்டும்.