பன்னிரண்டு துளையும் ஒரு தோளும்

அய்யனார் கோவில் அருவிக்கு ஏறும் பாறையில், கீழிருந்து பதினாலாவது அடியில் வழுக்கி விழுந்து வலது தோளெலும்பை முறித்துக்கொண்டேன். எண்பதுகளின் பிற்பகுதி அது. ஐம்பத்திரண்டு நாள் கழித்துக் கட்டைப் பிரித்த டாக்டர், கை பழையபடி வேலை செய்யும் என்றார். துப்பாக்கி சுடலாமா என்று நான் கேட்கவில்லை. என்ன சொல்வார் என்று தெரியும்.

மம்சாபுரம் தாண்டி, மலையை ஒட்டி எங்களுக்குத் தோப்பு உண்டு. நாற்பத்தொரு மாமரம், ஊடே நிலக்கடலை. காட்டுப்பன்றித் தொல்லைக்காக அப்பா உரிமம் எடுத்த வேட்டை ரைஃபிள் எனக்கு வந்திருந்தது. பன்றியைச் சுட்டதில்லை, வரப்பு மண்ணில் ஒரு குண்டு போட்டு விரட்டுவதோடு சரி. உரிமம் புதுப்பிக்கும் ஆண்டில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் எங்கள் துப்பாக்கிச் சங்கத்தில் பத்துக் குண்டு நின்றபடி சுட்டுக் காட்ட வேண்டும். உறவுக்காரர் ஒருவர் பக்கத்தில் சாட்சியாக நின்று எண்ணுவார். அவர் பத்து என்றால்தான் செயலாளர் கடிதம் தருவார். கடிதம் இல்லாவிட்டால் துப்பாக்கி கைமாற வேண்டியதுதான். நான் விழுந்தது அப்படியொரு ஆண்டில்.

கைமாற்றிக்கொள்ள ஆள் தயாராக இருந்தார். என் மனைவியின் அண்ணன். அடுத்த தோப்பும் ஊரில் ஒரு தறிக்கூடமும் அவருடையவை.

"மாப்ளே, ஒடஞ்ச தோள வச்சுக்கிட்டு எதுக்கு வீம்பு? எம் பேருக்கு மாத்தி விட்டுரும். ஆசையா இருந்தா அப்பப்ப வந்து தொட்டுப் பாத்துக்கிடும்."

"பத்துக் குண்டும் நானே சுடுவேன் மச்சான். நீங்களே சாட்சி நில்லுங்க" என்றேன்.

வாய் சொல்லிவிட்டது. தோள் ஒத்துக்கொள்ளவில்லை. தோப்பில் ஒரு குண்டு சுட்டுப் பார்த்தேன். துப்பாக்கியின் அடிக்கட்டை தோளில் உதைத்த உதையில் உட்கார்ந்துவிட்டேன். நான்கு நாள் சட்டை மாட்ட முடியவில்லை. இப்படிப் பத்துக் குண்டை எப்படித் தாங்குவது?

நான் படித்தது பௌதிகம். வேலை பார்த்தது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் சோதனைப் பிரிவில். துப்பாக்கி பின்னால் உதைப்பது குண்டு முன்னால் போவதால் மட்டுமல்ல. குண்டின் பின்னாலேயே வெடிமருந்துப் புகை அதைவிட வேகமாகச் சீறிக்கொண்டு போகிறது; உதையில் அதற்கும் பங்குண்டு. குழல்வாயில் 'மசில் பிரேக்' என்று ஓர் இரும்பு உருளையை மாட்டுவார்கள் என்று படித்திருந்தேன். அதன் துளைகள் வழியே புகை பக்கவாட்டில் திரும்பும். திரும்பும்போது உருளையின் சுவரை முன்னால் தள்ளும். துப்பாக்கியும் முன்னால் இழுபடும்.

நம்பிக்கை வரவில்லை. பம்புசெட் ஓஸில்தான் வந்தது. தண்ணீர் சீறும்போது ஓஸ் பின்னால் துள்ளிக் கையை உதறும். முனையில் டி-பைப் ஒன்றைச் செருகினேன். தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்தது, ஓஸ் பூனைபோல் அடங்கியது. பக்கத்தில் நின்ற மச்சானின் வேட்டி இடுப்புவரை நனைந்தது.

"என்ன மாப்ளே, வெள்ளாமைக்குப் பாயச் சொன்னா எம்மேல பாய்ச்சுதீரு?"

மதுரையில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் பிரேக் மாட்டினார்கள். பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு துளை. அனுமதிக்கு மூன்று விண்ணப்பம், ஒன்பது கையெழுத்து.

"காசக் கரியாக்கத் தோள் ஒடஞ்சது ஒரு சாக்கு" என்றாள் மனைவி. அவளுடைய அண்ணனுக்குத்தானே அவள் பேசுவாள்.

சோதனை நாளில் மில்லிலிருந்து பஞ்சு கொண்டுபோனேன். என் காதுகளில் அடைத்துக்கொண்டு மச்சானிடமும் நீட்டினேன். டி-பைப்பை நான் மறக்கவில்லை. தண்ணீர் பக்கவாட்டில் போனதுபோல் சத்தமும் போகும் என்று சொன்னேன்.

அவர் சிரித்தார். "இருவத்திரெண்டு வருசமா தறிச் சத்தத்துல நிக்கேன். அம்புட்டையும் கேட்ட காதுக்குப் பஞ்சு வைக்கச் சொல்லுதீரே! நீரு சுடும், பாப்போம்."

முதல் குண்டு. தோளில் யாரோ உள்ளங்கையால் தள்ளியது போலிருந்தது, அவ்வளவுதான். திரும்பினால் மச்சானின் துண்டு தரையில் கிடந்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, உதட்டை அசைத்து என்னவோ திட்டினார். நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. நான்காவது குண்டுக்குள் அவர் எட்ட இருந்த வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். தறி நாள் முழுக்க இரையும். இது செவிட்டில் விழும் ஒரே அறை. இருபத்திரண்டு வருடப் பழக்கம் அதற்கு உதவவில்லை.

சுட்டு முடித்ததும் செயலாளர் அவரிடம் விரலைக் காட்டி எண்ணிக்கை கேட்டார்.

"ஒம்பது" என்று கத்தினார் மச்சான். தான் கத்துவது அவருக்கே தெரியவில்லை.

"பத்து" என்றேன். குனிந்து காலித் தோட்டாக்களைப் பொறுக்கிச் செயலாளரின் மேசையில் வரிசையாக நிறுத்தினேன். பத்து நின்றது.

செயலாளர் சங்கடப்பட்டார். "எண்ணிக்க சரியாத்தான் இருக்கு. ஆனா சாட்சி வாயால பத்துன்னு வரணும்ல? அவிய ஒம்பதுங்காவளே."

சட்டைப் பையில், ஏதாவது மழையில் நனைந்துபோனால் உதவும் என்று கூடுதலாக இரண்டு தோட்டா வைத்திருந்தேன். ஒன்றை எடுத்து மச்சானின் முகத்துக்கு நேரே காட்டினேன்.

"ஒம்பதுன்னா ஒம்பதாவே இருக்கட்டும். இந்தா, ஒங்க பத்து."

போட்டுச் சுட்டேன். மரத்தடியிலும் அவர் துள்ளினார். பிறகு பத்து விரலையும் விரித்து உயர்த்திக் காட்டினார். செயலாளர் கையெழுத்திட்டார்.

மச்சானின் காது தெளிய ஆறு நாள் ஆனது. ஆறு நாளும் என்னோடு பேசவில்லை. பஞ்சையும் மீறி என் இடது காதில் அன்று ஏறிய ரீங்காரம் இன்னும் இறங்கவில்லை. தோளுக்குப் பதில் காதைக் கொடுத்தாயே என்பவர்களுக்கு ஒரே பதில்: துப்பாக்கி என் பேரில்தான் இருந்தது.

தொண்ணூறுகளில் அடுத்த புதுப்பித்தல் வந்தபோதும் சாட்சிக்கு அவரையே அழைத்தேன். வந்தார். இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் பதினேழு அடி தள்ளி நின்றுகொண்டார்.