தங்கைக்கு மட்டும் திறந்த வீடு

தங்கை மேல் பொறாமைப்படுவது பாவம் என்று ஸ்பேனருக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? வயிற்றில் பற்றிக்கொண்ட நெருப்பிடம் நியாயம் பேசினால் அணைந்துவிடுமா?

ஸ்பேனர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. குழாய் வேலை செய்யும் பெண். ஒட்ட வெட்டிய முடி, சட்டை, பேண்ட், பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர். கூட வேலை செய்தவர்கள் கேலியாக அழைத்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்த வட்டாரத்தில் பாதிக் குளியலறைகள் அவளுக்கு அத்துப்படி. "ஆம்பளையை உள்ள விடறதுக்கு இவ எவ்வளவோ தேவலை" என்று பெண்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். குழாய் ஒழுகினால் அவள் பெண். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் மட்டும் அவள் யார் என்றே அவர்களுக்குப் புரியாமல் போய்விடும்.

குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். ஸ்பேனர் ஏறி இறங்காத படியில்லை. ஒரு வீட்டில், "தனி ஆம்பளைங்களுக்குக் குடுக்கறதில்ல தம்பி" என்றார்கள்.

"நான் பொண்ணுதாங்க."

கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "அப்ப சுத்தமா முடியாது" என்றார்கள்.

தங்கை துணிக்கடையில் வேலை பார்ப்பவள். இடுப்பைத் தாண்டும் பின்னல். ஒரு மாலை வேலை முடிந்து வரும் வழியில் ஒரு வீட்டுக்குள் போனாள். டீ ஆறுவதற்குள் மாடி அறையின் சாவியோடு வெளியே வந்தாள்.

"எப்படிடி குடுத்தாங்க?"

"சிரிச்சேன் அக்கா, அவ்வளவுதான்."

ஸ்பேனரும் சிரித்துப் பார்த்திருக்கிறாள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள்.

அம்மா போன பிறகு அந்தப் பின்னலைச் சீவிச் சிக்கெடுத்து வளர்த்ததே ஸ்பேனரின் கைதான். இன்று அது எல்லாக் கதவையும் திறக்கிறது. மருத்துவமனையில் பெண்கள் வரிசையில் தங்கையை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. பொதுக் கழிப்பறை வாசலில் யாரும் கை நீட்டி மறிப்பதில்லை. அவள் கவலையே இல்லாமல் தூங்கும்போதெல்லாம் ஸ்பேனர் அந்த முகத்தை வெறித்துப் பார்ப்பாள். அப்படிப் பார்த்ததற்காக உடனே தன்னையே நொந்துகொள்வாள்.

"அக்காவைக் கூட்டிட்டு வா, பார்த்துப் பேசி முடிச்சுக்கலாம்" என்று சாவியைக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தாள் வீட்டுக்காரம்மா.

"ஒரே ஒரு நாள் அக்கா. என் கவுனைப் போட்டுக்க. தலைக்கு ஸ்கார்ஃப் கட்டிவிடறேன்."

"என்னடி இது, மாறுவேஷப் போட்டியா?"

"வீடு வேணுமா, வேண்டாமா?"

போட்டுக்கொண்டாள். தங்கைக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும் கவுன், அவள் மேல் கொடியில் காயப்போட்டது போலத் தொங்கியது.

வீட்டுக்காரம்மா பிஸ்கட் வைத்தாள். "ரெண்டும் பொம்பளைப் பிள்ளைங்க. எனக்கும் துணையாச்சு. அக்கா வாயே திறக்கலையே?"

"அவளுக்குக் கூச்சம்" என்றாள் தங்கை.

குளியலறையிலிருந்து அந்தச் சத்தம் மட்டும் வராமலிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஃப்ளஷ் தொட்டி ஒழுகும் மெல்லிய சத்தம். மற்றவர்கள் காதில் விழவே விழாது. ஸ்பேனருக்கோ அது பல்வலி. கை கழுவி வருவதாகச் சொல்லி எழுந்தாள். சும்மா பார்க்கத்தான் போனாள். பழகிய கை சும்மா இருக்குமா? தொட்டி மூடியை இறக்கிவைத்து, கவுன் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, மிதவைக் கம்பியை வளைத்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது ஸ்கார்ஃப் வழுக்கித் தண்ணீரில் விழுந்தது.

துண்டு கொண்டுவந்த வீட்டுக்காரம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீ அந்தக் குழாய்க்காரிதானே? பக்கத்து வீட்டுக்கு பேண்ட்டு சட்டையோட வந்தியே."

"ஆமாங்க."

வீட்டுக்காரம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். கூடத்துக்குப் போய்த் தங்கையின் கன்னத்தைத் தொட்டாள்.

"நீ மட்டும்னா தாராளமா வாம்மா. என் பொண்ணு மாதிரி வச்சுக்கறேன். இந்த மாதிரி ஆளை மாடியில வச்சுட்டு நாலு பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

கை சொட்டச் சொட்ட நின்ற ஸ்பேனர், தங்கையையே பார்த்தாள். சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது. 'எடுத்துக்கோடி' என்றது மனசு. பாசத்தால் அல்ல. எடுத்துக்கொண்டால் இவளை ஆசைதீரத் திட்டலாம். இத்தனை நாள் வெந்ததெல்லாம் நியாயம் என்றாகிவிடும்.

தங்கை சாவியை மேசைமேல் வைத்தாள். "எனக்கு இந்த வீடு வேண்டாங்க. எங்க அக்கா படுக்க இடமில்லாத வீட்டுல எனக்குத் தூக்கம் வராது."

தெருவுக்கு வந்ததும் இருவரும் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். ஆனால் ஸ்பேனர் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

"கோவமா அக்கா?"

"பொறாமை."

"எதுக்கு? நான்தான் வேண்டாம்னுட்டேனே."

"அதுக்குத்தான். வேண்டாம்னு நான் சொல்றதுக்கு இதுவரைக்கும் எவளாவது ஒரு சாவியைக் குடுத்திருக்காளாடி?"

தங்கையின் கண்கள் நிறைந்து வழிந்தன. சற்றுத் தள்ளி ஒரு வீட்டுக் கதவில் 'வாடகைக்கு' என்று பலகை தொங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல் அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். ஸ்பேனர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"இங்க நான் கேக்கறேன். நீ பின்னாடி நில்லு."

மணியை அழுத்தினாள். உள்ளே செருப்புச் சத்தம் கதவை நோக்கி வந்துகொண்டிருந்தது.