பாதியில் திரும்பிய ஆங்கிலத் தோட்டப் பயணம்

காரைக்காலிலிருந்து தோட்டம் பார்க்க யாராவது இங்கிலாந்து வரை போவார்களா என்று கேட்டவர்கள் நிறைய. நாங்கள் போனோம். போன ஜூன் மாதம், நானும் என் ராத்தா ஜுலைகாவும். (ராத்தா என்றால் எங்கள் வீடுகளில் அக்கா.) எட்டு நாள் பயணத்துக்குப் பணம் கட்டி, ஐந்து நாள் முடித்துத் திரும்பி வந்தோம். ஆனாலும் போகலாமா என்று கேட்பவர்களுக்கு, தாராளமாகப் போங்கள் என்றுதான் சொல்கிறேன். ஏன் பாதியில் திரும்பினோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ராத்தாவின் கணவர், எங்கள் மச்சான், ஷார்ஜாவில் முப்பது வருடம் மளிகைக் கடை நடத்திவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். அந்தக் கடைக்குச் சரக்கு போடுகிறவர்கள் வருடா வருடம் ஒரு கேலண்டர் கொடுப்பார்கள். மாதத்துக்கு ஒரு ஆங்கிலத் தோட்டம். மச்சான் லீவில் வரும்போது பெட்டியில் சுருட்டிக் கொண்டுவருவார். வருடம் முடிந்தாலும் ராத்தா தூக்கிப் போடமாட்டாள். படங்களை வெட்டி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைப்பாள், பூவெல்லாம் வெள்ளையாக இருக்கும் ஒரு தோட்டம் நடுவில். அவளுடைய சொந்தத் தோட்டம் மொட்டைமாடியில், தொட்டிகளில். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் கொல்லையில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான். செம்பருத்தியும் மல்லிகையும் மாடியில் பிழைத்துக்கொண்டன. மச்சான் லீவில் வந்து வாங்கிவைத்த ரோஜாச் செடிகள் ஒரு கோடையைத் தாண்டியதில்லை.

போன நோன்புப் பெருநாள் கழிந்து மச்சான்தான் பேச்சை எடுத்தார். அந்தக் கேலண்டர் தோட்டங்களை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வரலாமே என்றார். எனக்கு ஓய்வு பெற்ற கணக்கு டீச்சரின் புத்தி, முதலில் விலையைப் பார்த்தேன். ஆளுக்கு நாலே முக்கால் லட்சம், விமானம் தனி. நான் வாயைத் திறக்கும் முன் மச்சான் அடுத்த குண்டைப் போட்டார். அவர் வரமாட்டாராம்.

"முப்பது வருஷம் ஏறி எறங்குனது போதும். இனிமே நான் ஏரோப்ளேன்ல கால் வைக்கிறதா இல்ல. ஒன் தங்கச்சியக் கூட்டிட்டுப் போ. தொட்டிக்கு நான் தண்ணி ஊத்துறேன்."

ராத்தா இரண்டு வாரம் முரண்டு பிடித்தாள். வாழ்நாள் முழுக்க வழியனுப்பியே பழகியவள். வீட்டை விட்டு எட்டு நாள் இருந்ததில்லை. கடைசியில் மச்சான் பணத்தைக் கட்டிவிட்டு வந்து சொன்னார். அப்புறம் பேச ஒன்றுமில்லை.

சென்னை விமான நிலையத்துக்கு அம்பகரத்தூர் செல்வத்தின் காரில் போனோம். ஏறக்குறைய 300 கிலோமீட்டர், சாப்பாட்டு நேரம் சேர்த்து ஏழு மணி நேரம், டோலோடு 7,500 ரூபாய். செல்வம் பல வருடமாக எங்கள் குடும்பத்துக்கு வண்டி ஓட்டுபவர். மச்சானை இப்படித்தான் ஒவ்வொரு முறையும் கொண்டுவந்து விட்டிருக்கிறார். இந்தத் தடவை மச்சான் வாசலில் நின்று கையசைக்க, ராத்தா வண்டிக்குள்ளிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வண்டி பூவம் தாண்டியது. பிறகு செல்வம்தான், "அம்மா, பாய்க்கு மத்தியானச் சாப்பாடு யாரு?" என்று கேட்டார். கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவிடமே சமையலையும் ஒப்படைத்திருப்பதாக ராத்தா சொன்னாள். அதைச் சொல்லிய பிறகு அவளுக்கே கொஞ்சம் தைரியம் வந்தது.

சொகுசுப் பயணம் என்றால் என்னவெல்லாம் தருகிறார்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் குழுவில் பதினொரு பேர். இருபது பேர் உட்காரும் சின்ன பஸ், ஆகவே கால் நீட்ட இடம். ஹெலன் என்ற வழிகாட்டி முழுக்க முழுக்கக் கூடவே இருந்தார். அறுபது வயதிருக்கும், நடையில் நாற்பது. தங்கியது பழைய மாளிகைகளை மாற்றிக் கட்டிய விடுதிகளில். முதல் விடுதியில் குளியல் தொட்டி நான்கு கால்களில் அறையின் நடுவில் நின்றது. "இதுல ஏறி விழுந்தா யாரு தூக்குறது?" என்று ராத்தா அதைத் தொடவே இல்லை. எங்கள் சாப்பாட்டு விஷயத்தை முன்பே எழுதிவிட்டதால் மீனும் காய்கறியும் தனியாக வந்தன. நாலு மணி டீக்கு மூன்று தட்டு அடுக்கில் வெள்ளரிக்காய் வைத்த சாண்ட்விச். அதைப் பசிக்குச் சாப்பிடுவதா பார்த்துக்கொண்டிருப்பதா என்று கடைசி வரை எங்களுக்குத் தெரியவில்லை.

முதல் நாள் லண்டனில் கியூ தோட்டம். அங்கே கண்ணாடி மாளிகைக்குள் வாழை மரத்தைச் சூடு காட்டி வளர்க்கிறார்கள். ராத்தா அதன் அருகே நின்று படம் எடுக்கச் சொன்னாள். இவ்வளவு தூரம் வந்து வாழை மரத்தோடு படமா என்று நான் சிரித்தேன். தெரிந்த முகம் ஒன்று வேண்டாமா என்றாள்.

அடுத்த நாள் லண்டனிலிருந்து 150 கிலோமீட்டர் போல வடமேற்கே போய் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதி. தேன் நிறக் கல்லில் கட்டிய ஊர்கள். வழியெல்லாம் பச்சை. நம் குரும்பகரம் பக்கம் நடவு முடிந்து ஒரு மாதத்தில் வரும் பச்சை இருக்கிறதே, அதையே மேடும் பள்ளமுமாக விரித்த மாதிரி. ஹிட்கோட் என்ற தோட்டம் இங்கேதான். ஆளுயரத்துக்கு மேல் வேலி வளர்த்து, அதையே சுவராக்கி, அறை அறையாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு அறையில் சிவப்புப் பூ மட்டும், இன்னொன்றில் குளம் மட்டும், ஒன்றில் வெறும் புல். லுஹர் நேரம் ஆகிவிட்டது, எங்கே தொழுவது என்று ராத்தா தயங்கினாள். ஹெலனிடம் கேட்டேன். அவர் எங்களை அந்த வெறும் புல் அறைக்குள் விட்டு, வேலியின் இடைவெளியில் தான் நின்றுகொண்டு, வந்தவர்களை வேறு வழியில் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த நாளிலிருந்து ராத்தாவுக்கு ஹெலன் உறவுக்காரி. பேச மொழி இல்லாவிட்டாலும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு கொடுப்பாள்.

ஒவ்வொரு நாளும் மச்சானோடு வீடியோவில் பேச்சு. மாடியில் நின்று தொட்டிகளைக் காட்டுவார். இவள் தண்ணீர் அதிகம் என்பாள், அவர் குறைவு என்பார்.

நான்காம் நாள் ஸ்டவர்ஹெட். இதைத் தவறவிடாதீர்கள். பூந்தோட்டம் என்பதை விட, ஒரு பெரிய ஏரியும் சுற்றிலும் மரங்களும், கரையில் வெள்ளைக் கோயில் மாதிரியான கட்டடங்களும். ஏரியைச் சுற்ற இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், மெதுவாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். ராத்தா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு புல்லில் நடந்தாள். "இம்புட்டு தண்ணி. அதுல ஒரு போகம் வெளைக்காம சும்மா பாத்துகிட்டு இருக்காங்களே," என்றாள். காவிரியின் கடைசி மடையில் பிறந்தவளுக்கு வேறென்ன தோன்றும். ஆனால் முகம் அப்படியொரு மலர்ச்சி. அவளை அப்படி நான் பார்த்தே வெகுகாலம்.

அப்போது மதியம் ஒன்றரை மணி, ஊரில் மாலை ஆறு. என் போன் அடித்தது. செல்வம்.

"டீச்சர், பதறாதீங்க. பாய்க்கு நெஞ்சு வலி வந்துருச்சு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து சேத்துட்டேன். அடைப்பு இருக்காம், இன்னிக்கே ஸ்டென்ட் வைக்கிறாங்களாம். நெனவோடதான் இருக்காங்க, பேசுறாங்க. அம்மாட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

அவர்களுடைய ஒரே மகள் பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டதாகவும் சொன்னார். போனை வைத்துவிட்டு நான் ராத்தாவைப் பார்த்தேன். இருபதடி தள்ளி, பாலத்தின் அருகே குனிந்து எதையோ மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லாமல் இருப்பதில் நியாயம் இருந்தது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து இவள் என்ன செய்துவிட முடியும்? நாலு நாள் கழித்து எப்படியும் ஊர் போகப்போகிறோம். ஆனால் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. ராத்தாவுக்கு நாற்பது வயதில் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. மச்சான் ஷார்ஜாவில். தெரிந்தால் கடையை விட்டு ஓடிவருவார், வந்து என்ன செய்யப் போகிறார் என்று அவரிடம் மறைத்துவிட்டாள். எட்டு மாதம் கழித்து லீவில் வந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் சத்தம் போடவில்லை. நாலு நாள் வீட்டில் யாரோடும் பேசாமல், சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்திருந்தார். அந்த நாலு நாள் ராத்தா இருந்த இருப்பை நான் பார்த்திருக்கிறேன்.

அவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேள்விகள் கேட்டாள். யார் கூட்டிப் போனது, வலி எப்போது ஆரம்பித்தது, நினைவு இருக்கிறதா, மகள் எங்கே வந்துகொண்டிருக்கிறாள். பிறகு போனை வாங்கி செல்வத்தைக் கூப்பிட்டாள். செல்வம் மச்சானிடம் கொடுத்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் மெலிந்து வந்தது.

"ஒனக்கு யாரு சொன்னா? நீ வந்து என்ன செய்யப் போறே? டாக்டரு இருக்காங்க. மவ வந்துகிட்டு இருக்கா."

ராத்தா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"நானும் அன்னிக்கு இப்படித்தான் நெனச்சேன்," என்றாள். "நீங்க வந்து என்ன செய்யப் போறீங்கன்னு. அது தப்புன்னு நீங்கதான் எனக்குக் காட்டுனீங்க. இப்ப நீங்களே அதச் செய்யாதீங்க."

"சரி. வா," என்றார். அதோடு விடவில்லை. "அந்த வெள்ளத் தோட்டத்த மட்டும் பாத்துட்டு வா. அதுக்காகத்தான் இந்த டூரையே பிடிச்சேன்."

ஹெலனிடம் சொன்னோம். அவர் ராத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார், பிறகு வேலையில் இறங்கினார். எங்கள் டிக்கெட்டை ஆறாம் நாள் பகல் விமானத்துக்கு மாற்ற, ஆளுக்கு இருபத்தோராயிரம் கூடுதலாக ஆனது. மச்சான் சொன்ன வெள்ளைத் தோட்டம் சிஸ்ஸிங்ஹர்ஸ்ட் என்ற இடத்தில். ஏழாம் நாள் பார்க்க வேண்டிய அதை, குழுவில் எல்லோரையும் கேட்டு, மறுநாளைக்கே மாற்றினார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அன்று மாலை விடுதிக்குள் நுழையும்போதே மகளிடமிருந்து செய்தி வந்துவிட்டது, ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, வாப்பா நன்றாக இருக்கிறார் என்று. ராத்தா அறைக்குப் போய் நெடுநேரம் தொழுதாள்.

ஸ்டவர்ஹெட்டிலிருந்து சிஸ்ஸிங்ஹர்ஸ்ட் இருக்கும் கென்ட் மாவட்டத்துக்கு 240 கிலோமீட்டர் போல. மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தோம். பழைய செங்கல் கோபுரத்தின் பின்னால் அந்த வெள்ளைத் தோட்டம். ரோஜா வெள்ளை, லில்லி வெள்ளை, இலை கூடச் சாம்பல் பூசிய வெள்ளை. நடுவில் ஒரு பந்தல், அதன்மேல் கொத்துக் கொத்தாகக் கொடி ரோஜா. பீரோ கதவின் நடுவில் இருக்கும் ஜூன் மாதப் படம் இதுதான். ராத்தா துள்ளிக் குதித்தாள் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. மெதுவாக ஒரு சுற்று வந்தாள், பந்தலுக்கு அருகே நின்றாள், மகளுக்கு வீடியோ கால் போடச் சொன்னாள். கட்டிலில் சாய்ந்திருந்த மச்சானுக்குப் பூவையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"எல்லாம் வெள்ளயா இருந்தா பாக்க என்னா இருக்கும்னு நெனச்சிருந்தேன்," என்றார் மச்சான். "நல்லாத்தான் இருக்கு."

"வாசம் இருக்கு," என்றாள் ராத்தா. "அது படத்துல இல்ல."

சென்னையில் செல்வம் காத்திருந்தார். தஞ்சாவூர் வரை வழியில் அவரிடம் நடந்ததையெல்லாம் ராத்தா கேட்டு வாங்கிக்கொண்டாள். மச்சானை அன்று மாலை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். நாங்கள் போனபோது அவர் விழித்துத்தான் இருந்தார். ராத்தா உள்ளே நுழைந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் பிறர் முன்னால் இப்படியெல்லாம் வழக்கமில்லை. மகளும் நானும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

தோட்டமெல்லாம் எப்படி இருந்தது என்று மச்சான் கேட்டார்.

"மொதல்ல டாக்டரு என்ன சொன்னாருன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க," என்றாள் ராத்தா. "அப்புறம் தோட்டம்."

அவர் ஒன்று விடாமல் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஜூன் மூன்றாம் வாரத்தில் ரோஜா உச்சத்தில் இருக்கும். ஜூன்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள், நாங்கள் தினமும் போட்டுக்கொண்டோம். மழைக் கோட்டு வேண்டும், குடை காற்றில் நிற்காது. நல்ல நடைச் செருப்பு முக்கியம், ஒரு நாளைக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டிவரும். இவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள் லண்டனில் தங்கி ரயிலில் போய்வந்தால் மூன்றில் ஒரு பங்கில் முடிக்கலாம், மாளிகைக் குளியல் தொட்டி மட்டும் கிடைக்காது. பயண இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, வீட்டிலிருப்பவருக்கு உடல்நலம் கெட்டுத் திரும்ப நேர்ந்தால் ஈடு உண்டா என்று வாசித்துப் பாருங்கள். எங்களுடையதில் இருந்தது, ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது.

இன்னொன்று, பெட்டி கட்டும் முன்பே பேசி முடிக்க வேண்டியது. நீங்கள் தூரத்தில் இருக்கும்போது வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால், உங்களிடம் சொல்வதா வேண்டாமா? அதைக் கிளம்புபவரும் இருப்பவரும் உட்கார்ந்து தீர்மானித்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த முடிவு, என்னைப் போல ஏரிக்கரையில் போனோடு நிற்கும் ஒருத்தியின் தலையில் விழும். எங்கள் வீட்டில் பேசியாகிவிட்டது. சொல்லிவிட வேண்டும், அன்றைக்கே.