டிரைவரின் துணிப்பை

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை, அவரும் அதை விடவில்லை. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஒரு கண்ணாடியைக்கூட உடைக்காத மனுஷன். இப்போது அவருக்கு மிச்சமிருந்த ஒரே ரூட், வீட்டிலிருந்து மளிகைக்கடைக்கு நடந்து போய்த் திரும்புவது. அதில் இருக்கும் சந்தோஷம் அவருக்குத்தான் தெரியும். தக்காளியை அமுக்கிப் பார்ப்பார், கல்லாவில் இருக்கும் பெண்ணிடம் அரட்டை அடிப்பார், வழியில் நாலு பேரிடம் வம்பளப்பார்.

ஒரே குறை, பையை மறந்துவிடுவார். ஒவ்வொரு நடைக்கும் இரண்டு மூன்று பிளாஸ்டிக் பைகள் வீட்டுக்கு வரும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தால் பொலபொலவென்று காலில் விழும். மனைவியும் தன்னால் ஆனமட்டும் பார்த்தாள். அவர் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டதும் சமையலறையிலிருந்து "பை!" என்று குரல் கொடுப்பாள். அவரும் கையை ஆட்டி "பை பை!" என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவார். இந்த வயதில் இவளுக்கு நம்மேல் இவ்வளவு பிரியமா என்று ஆறு மாதம் உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தார், பாவம். விஷயம் தெரிந்தபோது இருவரும் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த தெருவில் இருக்கிறாள், மருந்துக்கடையில் வேலை. ஞாபகம் தப்பிப்போன பெரியவர்களைத் தினமும் பார்ப்பவள். அப்பா குழாயைத் திறந்துவிட்டுப் போனது, சர்க்கரை வாங்கப் போய் சோப்போடு வந்தது, இப்போது இந்தப் பை விவகாரம் என்று எல்லாவற்றையும் மனதுக்குள் கோத்து வைத்திருந்தாள்.

"இனிமே சாமானெல்லாம் போன்லயே ஆர்டர் பண்ணிடறேன்பா. நீங்க வெயில்ல அலைய வேண்டாம்."

"எனக்கு என்ன ஆச்சு? பையை மறந்தா பைத்தியமா?"

"சரி, ஒரு மாசம் பாக்கலாம். அதுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் பை வீட்டுக்குள்ள வந்தாலும் நான் சொல்றதுதான்."

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டார்கள், சரி என்று விட்டார். இப்போது காலையும் கட்டிப்போடுவதா?

யோசித்துப் பார்த்தார். பஸ் ஓட்டிய காலத்தில் ஞாபகத்தை நம்பி வண்டியை எடுத்ததே இல்லை. தினமும் ஒரு சுற்று சுற்றி வந்து டயர், கண்ணாடி, விளக்கு எல்லாம் பார்ப்பார். கண்டக்டர் 'ரைட்' சொல்லாமல் சக்கரம் உருளாது. அதையே வீட்டிலும் கொண்டுவந்தார். மூன்று துணிப்பைகளை வாசல் கதவின் தாழ்ப்பாளிலேயே மாட்டினார். கனமானது அரிசிக்கு, நடுவில் தடுப்பு வைத்துத் தைத்தது பாட்டில்களுக்கு, சின்னது முட்டைக்கு. திரும்பி வந்ததும் பையை உதறி, மடித்து, அதே இடத்தில் மாட்டிய பிறகுதான் தண்ணீரே குடிப்பார். மனைவிதான் கண்டக்டர்.

"பை?"

"இருக்கு."

"லிஸ்ட்டு?"

"இருக்கு."

"சாவி?"

"இருக்கு."

"அப்போ ரைட்!"

மாடிப்படியில் போகிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே. அறுபது வயதுக்கு மேல் ஒரு பழக்கத்தைப் புதிதாகப் பிடித்துக்கொள்வது லேசுப்பட்ட காரியமா? நாம் எடுக்கிற சபதமெல்லாம் பத்து நாள் தாங்குவதில்லை. அவர் இருபத்தாறு நாள் தவறவில்லை.

இருபத்தேழாம் நாள் மனைவி பல் டாக்டரிடம் போயிருந்தாள். முந்தின நாள் எண்ணெய் கொட்டியதால் பைகள் துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. தாழ்ப்பாள் காலி, ரைட் சொல்லவும் ஆளில்லை. கல்லாவில் சாமான்களைப் பரப்பிய பிறகுதான் தன் வெறுங்கையைப் பார்த்தார்.

"ஒரு நாள்தானே சார், இந்தாங்க" என்று கல்லாப் பெண் பிளாஸ்டிக் பையை நீட்டினாள். வாங்கிக்கொண்டு போய், வாசல்படியிலேயே சாமான்களை வெளியே எடுத்துவிட்டு, பையைக் குப்பைத்தொட்டியில் போட்டிருக்கலாம். ஈ காக்காய்க்குக்கூடத் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் அவருக்கும் வராமல் இல்லை.

"ஓரமா எடுத்து வைம்மா, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, வலிக்கிற முழங்காலோடு உச்சி வெயிலில் திரும்பி நடந்தார்.

அம்மாவைப் பார்க்க வந்த மகள் வாசலில் நின்றிருந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கடைக்குத்தானே போனீங்க? சாமான் எங்கப்பா?"

கடை மூடியிருந்தது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வராது.

"பையை மறந்துட்டேம்மா" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. "அங்க போனப்புறம்தான் தெரிஞ்சுது. எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். பரவால்ல, நீ சொன்ன மாதிரியே ஆர்டர் போட்டுக்க."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மறக்கறதுக்காகவா நான் பயந்தேன்? நானும்தான் தினம் எதையாவது மறக்கறேன். மறந்தது உங்களுக்கே தெரியாமப் போயிடுமோன்னுதான்பா பயந்தேன்."

அவர் கதவைத் திறந்ததும் அவளே உள்ளே போய், கொடியிலிருந்து பைகளை எடுத்து வந்து கையில் கொடுத்தாள். அவர் படியிறங்கினார். கூட வரட்டுமா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, மேலேயிருந்து குரல் கொடுத்தாள்.

"அப்பா, எங்க வீட்டுக்கும் ரெண்டு கிலோ வெங்காயம்! ஈரமில்லாததாப் பாத்துப் பொறுக்குங்க."