ரஜாய் காயும் வரை

எல்லோரும் அவளைக் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வாழ்நாளில் ஒரு டிக்கெட் கிழித்தவள் இல்லை, கிழித்ததெல்லாம் வீட்டுக்காரர். பக்கவாதம் வந்து அவர் படுத்த பிறகு எல்லாமே கட்டிலில்தான். தூக்கி, துடைத்து, ஊட்டி, அவள் ஓடாய்த் தேய்ந்து போயிருந்தாள். ஆனாலும் அவரை ஒருவரிடமும் விட மாட்டாள். அப்படி ஒரு பிடிவாதக்காரி.

போன வாரம் வந்த மகன் மூக்கைப் பொத்திக்கொண்டே, "இன்னொரு தடவை இந்த நாத்தம் அடிச்சுதுன்னா அப்பாவை முதியோர் இல்லத்துல சேத்துடுவேன், சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். இன்று மத்தியானம் மறுபடி வருகிறான். பாழாய்ப்போன நேரத்தைப் பாருங்கள், விடியும்போதே பெரியவர் ரஜாயை நனைத்து நாசம் பண்ணிவிட்டார்.

இரண்டு பேர் போர்த்தும் பஞ்சு ரஜாய் அது. அறை மூலையில் நின்ற வாஷிங் மெஷினோ, இருவர் துணிக்கென்று வாங்கிய சின்ன மெஷின். அவள் குத்திக் குத்தித் திணிப்பதைக் கட்டிலிலிருந்து பார்த்தவர், குழறலாகச் சொன்னார்: "என் பஸ்லகூட இவ்ளோ பேரை ஏத்தினதில்ல."

"ஏன் பேச மாட்டீங்க! நனைச்சது நீங்க, நசுங்குறது நான்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

துவைத்த வரைக்கும் சரி. பிழிய ஆரம்பித்ததும், தண்ணீரைக் குடித்துக் கனத்த ரஜாய் ஒரு பக்கமாய்ச் சுருண்டது. மெஷின் தடதடவென்று குதித்து, சுவரில் இடித்து, கீ கீ என்று கத்தி நின்றது. மூடியைத் திறந்து பரப்பிவிட்டாள். மறுபடியும் குதித்தது. எதிர்ப்பக்கம் கனம் வேண்டுமென்று இரண்டு துண்டுகளைப் போட்டாள். ம்ஹூம். வெளியே இழுக்கப் பார்த்தாள். பாதி வந்து, அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. "கடவுளே, உனக்குக் கண்ணே இல்லையா?" என்று மெஷினைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அந்தக் கோலத்தில்தான் மகன் வந்து பார்த்தான்.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிட்டே வந்தான். இருவருமாய்த் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோய், ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பிள்ளை மனம் இரங்கிவிட்டான் என்று அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"இல்லத்துல பேசிட்டேம்மா," என்றான் முறுக்கிக்கொண்டே. "உன் உடம்பையும் பாக்கணும்ல. சாயங்காலம் வண்டி வருது. போர்வை மட்டும் நம்மதைக் குடுக்கணுமாம். இதையே குடுத்துடலாம்."

அவள் முறுக்குவதை நிறுத்தினாள். முனையை மட்டும் விடவில்லை.

"ஈரத்தோட எப்படிடா குடுக்கிறது? பஞ்சுடா இது. காய மூணு நாள் ஆகும். வெயில் இல்லேன்னா நாலு நாள்கூட ஆகும். காயட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"அங்கே காயவைக்கிற மெஷினே இருக்கும்மா. கொஞ்ச நேரத்துல காஞ்சிடும்."

அவள் தன் முனையை மறுபடி முறுக்கத் தொடங்கினாள்.

"இன்னும் சொட்டுது பாரு," என்றாள். "முறுக்குடா."