பன்றி உடம்பில் பெரியப்பாவின் மீசை

பிரெஞ்சு தேசத்து ராஜா ஒருவரின் பதவி போனதும், நேற்றுவரை அவரைக் கும்பிட்ட ஜனங்களே அவரைப் பன்றியாக வரைந்து, அச்சடித்துத் தெருவில் விற்றார்களாம். ஒன்பதாம் வகுப்பில் சரித்திர சார் அந்தப் படங்களைக் காட்டியபோது நாங்கள் சிரித்த சிரிப்பு பக்கத்து வகுப்புக்குக் கேட்டது. அதேபோல ஒன்று வரைந்து வரச் சொன்னார். நான் ராஜாவைத் தேடி அலையவில்லை. சொந்தத்திலேயே பெரியப்பா இருந்தார்.

மலையாள எல்லையில், சித்தூருக்குக் கிழக்கே எங்கள் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் கமிட்டிக்கு வெகுகாலம் அவர்தான் தலைவர். மதகுச் சாவி அவர் இடுப்பில் தொங்கும். அவர் மீசையைக் கண்டாலே ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். மழை பொய்த்த வருஷம் தேர்தலில் தோற்றார். தண்ணீரையெல்லாம் அவரே குடித்துவிட்டார் என்று பேச்சு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நானும் ஊரோடு சேர்ந்தேன். பன்றி உடம்பு போட்டு, அவர் மீசையை வைத்து, மூக்கை வாய்க்காலுக்குள் விட்டேன்.

"அண்ணனாட்டவே இருக்குது அம்மிணி!" என்று சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்துப் படத்தை வாங்கிப் போனார். யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதென்று பெரியப்பா சொந்தத் தம்பிக்குக் கடைசி முறைத் தண்ணீர்தான் விடுவார். சித்தப்பாவின் தென்னைகள் காய்ந்துபோயிருந்தன. அடுத்த சந்தையன்று வேலந்தாவளத்துச் சுவரெல்லாம் என் படத்தின் ஜெராக்ஸ். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அன்று பெரியப்பா காளைகளை விற்கப் போயிருந்தார். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேச ஒருவர்கூடக் கை நீட்டவில்லையாம். காளைகளோடு திரும்பி, நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். அடிப்பார் என்று அம்மாவின் பின்னால் ஒளிந்தேன்.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கறே அம்மிணி. என்ற மீசை அச்சு அசலா வந்திருக்குது" என்றார்.

மறுநாள் மீசையை மழித்திருந்தார்.

"இனி அந்தப் படம் உங்களாட்ட இல்லீங் பெரியப்பா!" என்று கை தட்டினேன். அவர் என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் அவரைத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள்.

எங்கள் பக்கம், தகப்பனுக்குக் கொள்ளி வைக்கும் மகன்தான் மீசை எடுப்பான். பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. தன் சாவுக்குத் தானே மீசை எடுத்துக்கொண்டு நின்ற மனிதருக்கு முன்னால்தான் நான் கை தட்டியிருக்கிறேன்.